எண்ணெயும் வேப்பிலையும்: அயோத்திதாசரின் பண்டிகை வாசிப்பு

தீபாவளி குறித்து நமக்குப் பழகிய பேச்சுகள் இரண்டு. நரகாசுரனைக் கொன்ற நாள் என்பது ஊர் சொல்லும் கதை. கொல்லப்பட்டவன் நம்மவன், ஆகவே கொண்டாடாதீர்கள் என்பது பெரியார் இயக்கத்தின் மறுப்பு. அந்த மறுப்பு எழுவதற்கு முன்பே பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) வேறொரு வழியில் போயிருந்தார். 1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டின் பக்கங்களில் அந்த வழி கிடக்கிறது.

அன்று வீட்டில் என்ன செய்கிறோம்? விடியுமுன் தலையில் நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கிறோம். அசுர வதத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்று புராணம் சொல்லும் விளக்கம் ஒட்டாமலே நிற்கிறது. பண்டிதரோ எண்ணெயிலிருந்தே தொடங்குகிறார். பௌத்த பிக்குகள் எள்ளிலிருந்து நெய் எடுத்து அதன் குணத்தை அறிந்தார்கள். மக்கள் அதைத் தேய்த்து தீபவதி நதியில் குளித்த நாளே தீபாவளி என்கிறார். கார்த்திகை தீபத்தை ஆமணக்கெண்ணெயோடும், ஆடி மாத அம்மனையும் வேப்பிலையையும் அம்பிகை என்ற பௌத்தப் பெண் துறவியோடும் இணைக்கிறார். அவர் சித்த மருத்துவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது. எண்ணெயும் இலையும் அவருக்குப் பூசைப் பொருள்கள் அல்ல, மருந்துகள்.

இவை நிரூபிக்கப்பட்ட வரலாறா? இல்லை. போகியைப் 'போதி' என்று படித்து அதைப் புத்தரின் பரிநிர்வாண நாளாக்குகிறார். தேரவாத மரபிலோ அது வைகாசிப் பௌர்ணமி. சொற்பிரிப்புகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் நரகாசுரன் கதைக்கு யாரும் கல்வெட்டு கேட்பதில்லையே! சான்று கேட்கும் கண்டிப்பு எப்போதும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே என்பதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சேரி மக்கள் இந்தப் பண்டிகைகளின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர், அவற்றை உண்டாக்கியவர்களின் வழிவந்தோர் என்றார் பண்டிதர். 1898இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், சாக்கிய பௌத்த சங்கத்தாருக்குப் புதிய பஞ்சாங்கம் ஒன்றைச் செய்து தரவில்லை. கையிலிருந்த பஞ்சாங்கத்தையே திருப்பி வாசிக்கச் சொன்னார்.

அம்பேத்கரின் வழி வேறு. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்க மாட்டேன், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்க மாட்டேன் என்று அவர் தந்த 22 உறுதிமொழிகளில் மீட்டு வாசிக்க இடமில்லை, விலகல்தான். ஆனாலும் 1956 அக்டோபர் 14 என்ற அந்த நாகபுரி நாள் ஒரு விஜயதசமி. அதை அசோக விஜயதசமி என்று அழைத்தபோது, நாள்காட்டியை எதிரியிடம் விட்டுக்கொடுக்க அவருக்கும் மனமில்லை என்றே நமக்குப் படுகிறது.

பண்டிதரைக் கொண்டாடுகிற மேடைகள் பொதுவாகச் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பூர்வ பௌத்தர் என்ற அவருடைய வீட்டுக்குள் எல்லோருக்கும் இடமில்லை. சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்து, அருந்ததியர் உள்ளிட்ட சில சமூகங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். காலத்தின் குறை என்று சொல்லி இதைக் கடந்துபோக நம்மால் முடியவில்லை. எண்ணெய் ஆட்டியவர், வேப்பிலை பறித்தவர், பறை கட்டத் தோல் பதனிட்டவர் என எல்லாருடைய வீட்டு ஆடியையும் கார்த்திகையையும் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. அந்த வீடுகளின் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.