எண்டாவ் காட்டின் கணக்கு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் கஹாங் என்றொரு சின்னப் பட்டணம் இருக்கிறது. அங்கே திரும்பி, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் மண்சாலையில் குலுங்கினால் கம்போங் பெத்தா வரும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு ஜொகூர் பக்க வாசல்களில் அது ஒன்று. நண்பர்களோடு போனபோது, வழியெல்லாம் செம்பனையைப் பார்த்துச் சலித்துப்போன ஒருவன், "எங்கடா காடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் யோசித்தது வேறு. இவ்வளவு செம்பனைக்கு நடுவில் அந்தக் காடு மட்டும் எப்படித் தப்பித்தது?

மூன்றாவது மலேசியத் திட்டத்தில் (1976-1980) எண்டாவ் ரொம்பின் பாதுகாக்க வேண்டிய காடாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1977-இல் பஹாங் மாநில அரசு அதன் நடுப்பகுதியிலேயே சுமார் 12,000 ஹெக்டரில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தது. சட்டத்தை மீறிய செயல் இல்லை இது. நம் கூட்டரசு அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். கோலாலம்பூர் திட்டம் போடலாம், கையெழுத்து மந்திரி பெசாருடையது. பாலாக் லாரி காட்டை விட்டு வெளியே வரும்போதே மாநிலக் கஜானாவில் உரிமத்தொகை விழுந்துவிடும். நிற்கிற மரத்துக்கு யாரும் பைசா தருவதில்லை.

மலேசிய இயற்கைக் கழகம் எதிர்த்தது. பத்திரிகைகளில் கடிதங்கள் குவிந்தன. இந்த நாட்டில் ஒரு காட்டுக்காக அவ்வளவு பரவலாக எழுந்த முதல் குரல்களில் அது ஒன்று. 1978-இல் வெட்டுவது நின்றது. ஆனால் நின்றதோடு பூங்கா வந்துவிடவில்லை. 1980-இல் நாடாளுமன்றம் தேசியப் பூங்காச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் எண்டாவ் ரொம்பினைக் கூட்டரசின் கையில் ஒப்படைக்க இரண்டு மாநிலங்களும் முன்வரவில்லை.

1985-86இல் இயற்கைக் கழகம் ஓர் அறிவியல் பயணத்தை ஏற்பாடு செய்தது. தாவரம், பூச்சி, பாறை என்று காட்டில் இருப்பதையெல்லாம் பட்டியலிட ஆள் போனார்கள். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத விசிறிப்பனை ஒன்று 1987-இல் எண்டாவின் பெயரையே பெற்றது: லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கோஷத்துக்குப் பதில் பட்டியல். பொறியாளன் புத்தி, என்ன செய்ய!

1989-இல் ஜொகூர் தன் சொந்தப் பூங்காக் கழகச் சட்டத்தை இயற்றியது. 1993-இல் ஜொகூர் பக்கம் 48,905 ஹெக்டர் பூங்காவாக அரசிதழில் ஏறியது. பெயர்ப்பலகையில் 'தேசிய' என்று இருந்தாலும் சாவி மாநிலத்திடம்தான். 1996-இல் தேசியச் சுற்றுச்சூழல் சுற்றுலாத் திட்டம் வந்தபோது இந்த மாதிரிக் காடுகளுக்கு ஒரு வருமானக் கதை கிடைத்தது: மரத்தை வெட்டாமல், பார்க்க வருகிறவனிடம் காசு வாங்கலாம். நல்ல கதைதான். ஆனால் நுழைவுச்சீட்டும் படகுக் கட்டணமும் பாலாக் லாரிக்கு ஈடாகுமா?

இந்தக் கணக்கில் விடுபட்டவர்களைப் பற்றி எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தபோது லிங்கியு அணையின் கொள்ளளவு, ஜொகூர் ஆற்றின் நீரோட்டம் எல்லாம் படித்தோம். மூழ்கிய காட்டில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. 1990 ஒப்பந்தத்தில், நிலத்துக்கும் மரத்தால் வந்திருக்கக்கூடிய வருமானத்துக்கும் சேர்த்து சிங்கப்பூர் ஜொகூருக்கு 320 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு தந்தது. அந்தக் காட்டில் வேட்டையாடி, பழமும் பிரம்பும் எடுத்து வாழ்ந்த ஜக்கூன் மக்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. ஆடோங் பின் குவாவ் வழக்கில் 1996-இல் அவர்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் தீர்ப்பானது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அரசாங்கம் வெட்டாத மரத்துக்குக்கூட விலை கேட்டு வாங்கத் தெரிந்தது. அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்களுக்குத் தொகை போட ஒரு நீதிபதி தேவைப்பட்டார்.

கம்போங் பெத்தாவும் ஜக்கூன் கம்பம்தான். அவர்களும் தங்கள் பாரம்பரிய நில உரிமைக்காக நீதிமன்றம் போனவர்கள். உப்பே குலிங் அருவிக்கு எங்களை அழைத்துப்போன வழிகாட்டி அந்த ஊர்க்காரர். பாறையில் நீர் குடைந்த குழிகளைக் காட்டிக்கொண்டே மலாயில் சாதாரணமாகச் சொன்னார்: "என் தாத்தா இங்கே வர யாரிடமும் சீட்டு வாங்கவில்லை." எங்கள் குழுவில் ஒருத்தரும் பதில் பேசவில்லை.

2019 பட்ஜெட்டில் கூட்டரசு ஒரு புதிய வழியைத் தொடங்கியது. காட்டைக் காக்கிற மாநிலங்களுக்கு நேரடியாகப் பணம்: முதல் ஆண்டில் 60 மில்லியன் ரிங்கிட், 2024-இல் 200 மில்லியன். எல்லா மாநிலங்களும் பங்கு போட வேண்டிய தொகை இது. இருந்தாலும், 1977-இல் பஹாங்கிடம் 'வெட்டாதே' என்று மட்டும் சொன்ன கோலாலம்பூர், நாற்பது வருடம் கழித்து 'வெட்டாமல் இருந்தால் இந்தா' என்று சொல்லப் பழகியிருக்கிறது.

ஆனால் சாவி இன்னும் அதே இடத்தில்தான். புலாவ் குக்குப், 647 ஹெக்டர் சதுப்புநிலக் காட்டுத் தீவு. ஆள் குடியில்லாத இடம். 1997-இல் ஜொகூரின் பூங்காவானது, 2003-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2018 கடைசியில், பூங்கா அந்தஸ்தை நீக்கிச் சுல்தானக நிலமாக்கும் முடிவு வெளியே தெரிந்தது. புத்ராஜெயா ஆட்சேபித்தது. தீவு தொடர்ந்து பாதுகாக்கப்படும் என்றது மாநிலம். யார் சொன்னது சரி என்பதல்ல என் கேள்வி. 1989 சட்டத்தின் கீழ் அரசிதழில் ஒரு வரியால் வந்த பூங்கா, இன்னொரு வரியால் போக முடியும். எண்டாவ் ரொம்பினும் அதே சட்டத்தின் கீழ்தான் நிற்கிறது.