சீட்டும் அறையும்: கிசெங் சுற்றுலாவில் பயண முகவரின் பொறுப்பு

பாலியல் சுற்றுலாவைப் பற்றிய விசாரணைகளில் பிரயாணம் செய்யும் ஆடவனின் இச்சையும் அவனுக்கு இரையாகும் பெண்ணின் வறுமையுமே பெரும்பாலும் ஆராயப்படுகின்றன. இவ்விருவரையும் ஓரிடத்தில் கொண்டுசேர்ப்பதற்காக விமானத்தில் ஆசனம் பதிவு செய்து, விடுதியில் அறை பிடித்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை குறித்து விளம்பரம் செய்த மூன்றாமவரோ விசாரணைக்கு அகப்படாமலே போய்விடுகிறார். அவரது ஏற்பாடு இல்லாதிருந்தால் இவ்வழக்கம் ஒரு பெரும் வர்த்தகமாக வளர்ந்திராது என்பது என் துணிபு. 1970களில் ஜப்பானிலிருந்து தென்கொரியாவுக்கு நடைபெற்ற கிசெங் சுற்றுலா (கிசெங் என்பது விருந்தினரை மகிழ்விக்கும் கொரிய மாதரைக் குறிக்கும் சொல்) இதற்குத் தக்க சான்று.

ஜப்பானின் விபசாரத் தடுப்புச் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 ஏப்ரலில் முழுமையாக அமலுக்கு வந்தது. வெளிநாட்டு உல்லாசப் பிரயாணத்துக்கு இருந்த கட்டுப்பாடு 1964இல் தளர்ந்தது; மறுவருஷமே கொரியாவுடன் ராஜீய உறவும் ஏற்பட்டது. 1972இல் ஜப்பான் சீன மக்கள் குடியரசுடன் உறவு பூண்டு தைவானுடன் முறித்துக்கொள்ளவே, அதுகாறும் தைபேயை நாடிச் சென்ற ஆடவர் கூட்டத்தில் கணிசமான பகுதி சியோலை நோக்கித் திரும்பிற்று. கொரியாவிலும் 1961 முதலே தடைச் சட்டம் இருந்தது. இரு தேசங்களிலும் சட்டம் விலக்கிய ஒரு காரியம், இரண்டுக்கும் இடையே டிக்கெட் வாங்கியவனுக்கு எவ்விதத் தடையுமின்றிக் கிட்டியது எவ்வாறு?

சியோலின் கிம்போ விமான நிலையத்தில் இறங்கிய குழுவை வழிகாட்டி பஸ்ஸில் ஏற்றி விடுதியில் சேர்ப்பார். மாலையில் கிசெங் இல்லம் ஒன்றில் விருந்து. தாழ்ந்த மேசையைச் சுற்றி அமர்ந்த ஒவ்வொருவரின் பக்கத்திலும் கொரிய உடை தரித்த ஒரு பெண் இருந்து, குச்சியால் உணவெடுத்து ஊட்டி, மது வார்ப்பாள். விருந்து முடிந்தபின் அவள் அவனது அறைக்குச் செல்வாள். கம்பெனிகள் நன்கு உழைத்த ஊழியருக்குப் பரிசாக இத்தகைய பிரயாணத்தை அளித்ததும் உண்டு. தனியொருவனாக அந்நிய நகரத்துத் தெருவில் இறங்கத் துணிந்திராத மனிதன்கூட, நிகழ்ச்சி நிரலில் இன்ன நேரத்துக்கு இன்னது என்று அச்சாகியிருக்கும்போது, சகாக்களோடு சேர்ந்து அதற்கு உடன்பட்டுவிடுகிறான். தீர்மானிக்கும் சிரமத்தையும் வெட்கப்படும் சந்தர்ப்பத்தையும் ஏற்பாடு அவனிடமிருந்து அகற்றிவிடுகிறது; முகவர் விற்ற சரக்கு உண்மையில் இதுவே.

அந்நியச் செலாவணிக்காக ஏங்கிய கொரிய சர்க்காரும் கைகட்டி நின்றதாகச் சொல்ல முடியாது. விடுதிக்குள் நுழைவதற்கு இப்பெண்களிடம் அடையாள அட்டை இருக்கவேண்டியிருந்தது. அதைப் பெறுவதற்கு வைத்தியப் பரிசோதனை இருந்தது. அவர்களது வருவாய் தேசத்துக்கு ஆற்றும் சேவை என்று உபதேசிக்கும் வகுப்புகளும் நடந்தன. விருந்தினன் கொடுத்த பணத்திலோ முகவரும் வழிகாட்டியும் இல்லத்தாரும் விடுதியாரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய சிறுபகுதியே அவள் கைக்கு எட்டியது. ஏழைப் பெண்ணின் பிழைப்புக்கு இது வழிசெய்கிறதே என்று வாதிப்போர் இந்தக் கணக்கை மறந்துவிடலாகாது.

முகவர் தரப்பில் கூறப்படும் சமாதானம் ஒன்றுண்டு: நாங்கள் விற்றது ஆசனமும் அறையும்தான், அறைக்குள் நடப்பது விருந்தினரின் அந்தரங்கம் என்பது அது. ஆசனத்தை மாத்திரம் விற்றவருக்கு இவ்வாதம் பொருந்தக்கூடும். விருந்தையும் அதில் அமரும் பெண்ணையும் முன்கூட்டியே எண்ணிப் பேசிவைத்து, அந்த எதிர்பார்ப்பின் பேரிலேயே ஆள் சேர்த்தவர், அறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தாம் அறியோம் என்று கூறுவதில் நியாயம் இல்லை.

இதை முதலில் உணர்ந்தவர்கள் பெண்களே. 1973இல் கொரியக் கிறிஸ்தவ மாதர் குரல் எழுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவியர் கிம்போவிலும், ஜப்பானியப் பெண்கள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலும் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தினர். கிசெங் இல்லத்தின் வாசலில் நில்லாமல், பிரயாணம் புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் அவர்கள் நின்றது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 1981இல் ஜப்பானியப் பிரதமர் சுசுகி தென்கிழக்காசியாவுக்கு விஜயம் செய்தபோது மணிலாவிலும் இக்கண்டனம் எழுந்தது. ஜப்பானியக் குழுச் சுற்றுலாக்களும் அதன்பின் குறைந்தன.

சட்டம் இந்த உணர்வை வெகு மெதுவாகவே பின்பற்றியது. 1995இல் கெய்ரோவில் கூடிய உலகச் சுற்றுலா நிறுவனம், சுற்றுலாத் துறைக்குள்ளிருந்தோ அதன் அமைப்புகளைப் பயன்படுத்தி வெளியிலிருந்தோ ஏற்பாடு செய்யப்படும் பிரயாணங்களையே பாலியல் சுற்றுலா என்று வகுத்துக் கண்டித்தது. ஏற்பாட்டையே இலக்கணத்தின் மையத்தில் வைத்த சிறப்பு அதற்குண்டு. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2004இல் விபசாரத்துக்கான பிரயாணத்தை விற்பதையே குற்றமாக்கிற்று. பல தேசங்கள் குழந்தைகள் விஷயத்தில் மட்டும், குற்றம் எங்கே நிகழ்ந்தாலும் தம் பிரஜையைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றின. அவை இன்றியமையாதவை, எனினும் அவற்றோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதுவோரை என்னால் ஏற்க இயலவில்லை.

குழுச் சுற்றுலா தளர்ந்த அதே 1980களில் பிரயாணத்தின் திசை மாறியது. பிலிப்பைன்ஸிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இளம்பெண்கள் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். பலர் கலைநிகழ்ச்சியாளர் என்ற விசாவில் வந்தனர். அவர்களுக்கும் யாரோ ஒருவர் விமானச் சீட்டு வாங்கினார், யாரோ ஒருவர் தங்கும் இடம் பிடித்தார். அவ்விரு செலவும் கடனாக அவர்கள் பேரில் எழுதப்பட்டு, அது தீரும்வரை பாஸ்போர்ட் பலருக்கு முதலாளியின் பெட்டியில் இருந்தது. ஆடவன் போனபோது அவனுக்குச் சலுகையாய் அமைந்த அதே சீட்டும் அறையும் பெண் வந்தபோது அவளுக்கு விலங்காயின என்பதால், பயண ஏற்பாட்டாளரின் கணக்குப் புத்தகத்தை விலக்கிவிட்டு எழுதப்படும் எந்த ஆராய்ச்சியும் இத்தொழிலின் பாதியைக்கூடக் காணாது.