பேரேட்டிலிருந்து பீரோவுக்கு

கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு உடுப்பில் அக்கறை இருக்காது என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, அவ்வளவுதான் என்பார்கள். 34 வருடம் அந்தப் பிரிவில் குப்பை கொட்டிய என்னால் அதை மறுக்கவும் முடியாது. ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், தன் உடுப்புக்கு ஆயுள் முழுக்கக் கணக்கு வைத்த ஒருவர் நம் தொழில்காரர்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பீரோவில் உள்ள துணிமணிகளை எக்செல் ஷீட்டில் ஏற்றி வைக்கிறார்கள். என் மருமகளும் அப்படி ஒன்று வைத்திருக்கிறாள். வரிசைக்கு ஒரு உடுப்பு. என்ன நிறம், என்ன விலை, எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது உடுத்தியது என்று தனித்தனிக் கட்டங்கள். அதே ஷீட்டின் அடுத்த பக்கத்தில் கேஸ் பதிவு செய்த தேதி, மின்கட்டணம், என் பிரஷர் மாத்திரை தீரும் நாள். பார்த்தவுடன் இது புது நாகரிகம் என்றுதான் எனக்கும் தோன்றியது. படித்துப் பார்த்தபோது 500 வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அங்கே ஃபுக்கர் என்ற குடும்பம், அரசர்களுக்கே கடன் கொடுத்த வியாபாரக் குடும்பம். அவர்களிடம் தலைமைக் கணக்கராக இருந்தவர் மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸ். 1497-இல் பிறந்தவர். இத்தாலிக்குப் போய் இரட்டைப் பதிவுக் கணக்கு கற்று வந்தவர். 1520-இல், தம் 23-ஆம் வயதில், தாம் உடுத்திய உடைகளை ஓவியரைக் கொண்டு வரையவைக்கத் தொடங்கினார். படத்துடன் தேதி, தம் வயது, துணி விவரம், எதற்காக உடுத்தியது என்ற குறிப்பு. வயதைக்கூட வருடம், மாதம் என்று பிரித்து எழுதியிருக்கிறார். கணக்கர் புத்தி எங்கே போகும்? 40 வருடத்தில் 137 படங்கள் சேர்ந்தன. 1526-இல் உடையே இல்லாமல் முன்னும் பின்னுமாக இரண்டு படம் வரையச் சொல்லி, தாம் பருத்துவிட்டதையும் எழுதி வைத்தார். பற்றை மறைக்காமல் எழுதுவதுதானே நல்ல கணக்கு! கடைசிப் படம் 1560-இல். முதலாளி அன்டன் ஃபுக்கர் இறந்ததற்காக அணிந்த கறுப்புத் துக்க உடை. படத்தில் மனிதருக்கு வயதாகிவிட்டது.

அடுத்தவர் இங்கிலாந்தில், ஒரு பாதிரியாரின் மகள், பார்பரா ஜான்சன். திருமணம் செய்துகொள்ளாதவர், பெரிய வருமானமும் கிடையாது. 1746-இல் சிறுமியாக இருந்தபோது தொடங்கி 1823 வரை, தைத்துக்கொண்ட உடைகளின் துணித் துண்டுகளை ஒரு கணக்குப் புத்தகத்தில் சேர்த்து வைத்தார். பக்கத்தில் எத்தனை கெஜம், என்ன விலை என்ற குறிப்புகள். 77 வருடக் கணக்கு! அந்தப் புத்தகம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரான்சு ராணி மேரி அன்டாய்னெட்டுக்கும் துணித் துண்டுகள் ஒட்டிய உடைப் புத்தகம் உண்டு. 1782-ஆம் வருடத்துப் புத்தகம் பிரான்சின் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அன்றைக்கு வேண்டிய உடையை ராணி குண்டூசி குத்தித் தேர்ந்தெடுப்பாராம்.

நம் வீடுகளில் ராணிகள் இல்லாவிட்டாலும் சலவை நோட்டு இருந்தது. வேட்டி 4, சட்டை 6, தலையணை உறை 2 என்று அம்மா பென்சிலால் எழுதுவார். துணி திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி டிக் அடிப்பார். அதுவும் கட்டம் போட்ட கணக்குதான்.

காகிதக் கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. ஆபீசில் பட்ஜெட் போட்டவர்களுக்குத் தெரியும். நீளமான தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கூட்டி முடித்த பிறகு, மேலதிகாரி வந்து ஒரே ஒரு எண்ணை மாற்றுவார். குறுக்கும் நெடுக்குமாக எல்லாக் கூட்டலையும் ரப்பரால் அழித்து மறுபடி போட வேண்டும். இந்தத் தொல்லையைத்தான் 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் கவனித்தார். கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுத, 1979-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு விசிகால்க் வந்தது. பிறகு 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல். எல்லாம் கம்பெனிக் கணக்குக்காக வந்தவை. பேரேடு பார்பரா ஜான்சனின் மேஜைக்கு வந்த மாதிரியே, இதுவும் ஆபீசை விட்டு வீட்டுக்கு வந்து, பீரோவையும் திறந்துவிட்டது.

மருமகளின் ஷீட்டில் ஒரு கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. விலையை, உடுத்திய தடவையால் வகுப்பது. 600 ரூபாய்ச் சட்டையை 60 தடவை போட்டால் தடவைக்கு 10 ரூபாய். அழகான கணக்கு. மலிவென்று வாங்கி மூலையில் போட்ட துணியெல்லாம் உண்மையில் எவ்வளவு விலை என்று பட்டென்று காட்டிவிடும். என் பழைய கதர்ச் சட்டை முதல் இடத்தில் நின்றது.

கடைசி இடத்தில் நின்றது என் மனைவியின் கூறைப்புடவை. நான்கே தடவை உடுத்தியது. கணக்குப்படி வீட்டிலேயே பெரிய நஷ்டம். என் மனைவியிடம் சொன்னபோது சண்டை பிடிக்கவில்லை. நான்கு தடவையும் எந்த நாள், யார் யார் வந்திருந்தார்கள், யார் இப்போது இல்லை என்று ஷீட்டைப் பார்க்காமலே சொன்னாள். அவற்றில் இரண்டு எனக்கே மறந்து போயிருந்தன.

ஷ்வார்ட்ஸ் எழுதியது இந்தக் கணக்கைத்தான் என்று அப்போது புரிந்தது. துக்க உடையின் பக்கத்தில் அவர் விலையை மட்டும் எழுதியிருந்தால், முதலாளியைப் பிரிந்த நாள் நமக்குத் தெரிந்திருக்காது.

மருமகளிடம் சொல்லி "எதற்காக உடுத்தியது" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. மனைவி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். புடவைகள் 11 முடிந்திருக்கின்றன. இன்னும் நிறைய இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். எக்செல் தெரியாவிட்டால் சலவை நோட்டு போதும்.