நான் யார்? (நூல்)

‘நான் யார்?’ ரமண மகரிஷியின் (1879–1950) உபதேசத்தைச் சொல்லும் சிறிய தமிழ் உரைநடை நூல். இன்பம் வெளிப்பொருளில் இல்லை, அதைத் தேடுகிறவரின் இயல்பே இன்பம் என்பது இதன் சாரம்.

தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவத்தில் பட்டம் பெற்றவர். 1902 வாக்கில் அலுவல் நிமித்தம் திருவண்ணாமலைக்கு வந்தவர், மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த இளம் ரமணரைப் பார்க்கப் போனார். ரமணர் மௌன விரதம் பூண்டிருக்கவில்லை. பேசும் நாட்டமே அப்போது அவருக்கு இல்லை. கேட்டதற்குச் சைகையால் பதில் சொன்னார், புரியாதபோது எழுதிக் காட்டினார். அப்படிக் கிடைத்த பதில்களை நினைவிலிருந்து திரட்டி, 1923-இல் பிள்ளை அச்சிட்டார். பிற்பாடு ரமணரே அதைக் கட்டுரை வடிவில் திருத்தி எழுதினார். இன்பத்தைப் பற்றிய முதல் பத்தி அப்போது அவர் சேர்த்தது.

நூலின் உயிர் அந்தப் பத்திதான். ஆழ்ந்த தூக்கத்தில் வீடு இல்லை, பணம் இல்லை, உடம்பின் நினைவுகூட இல்லை. ஆனாலும் எழுந்ததும் ‘சுகமாகத் தூங்கினேன்’ என்கிறோம். பொருள்தான் சுகம் தருகிறதென்றால், பொருளே இல்லாத இடத்தில் அது எங்கிருந்து வந்தது? சாஸ்திரத் துணையின்றி, படிக்காதவரும் தம் அனுபவத்திலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம் இது.

ஆசை நிறைவேறும்போது வரும் மகிழ்ச்சிக்கும் நூல் காரணம் சொல்கிறது. அலைந்துகொண்டிருந்த மனம் அந்தக் கணத்தில் தன் இடத்துக்குத் திரும்பி ஓய்கிறது. ஓய்வின் சுகத்தைப் பொருளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். காசு சேர்த்து வாங்கிய ஸ்கூட்டர் வாசலில் நிற்கும் முதல் மாலை, துடைத்துத் துடைத்துப் பார்க்கிறோம். ஆறு மாதம் கழித்தும் அதே வண்டிதான் நிற்கிறது. கண் அதன்மேல் படுவதில்லை. மனத்தின் இந்த அலைச்சலுக்கு, மரநிழலில் இருப்பவன் வெயிலில் போய் வெந்து, மறுபடி நிழலுக்கு ஓடிவருவதை உவமையாகக் காட்டுகிறார் ரமணர்.

வழிமுறை விசாரணை. எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று பார்த்து, ‘நான்’ என்ற நினைவு பிறக்கும் இடத்தில் மனத்தை நிறுத்துவது. ‘நான் யார்’ என்று மந்திரம்போல் உருப்போடுவதாகப் பலர் இதை எடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது.

உள்முகமாவது என்றால் வேலையை விட்டு ஒதுங்குவது என்ற எண்ணமும் நூலைச் சரியாகப் படிக்காததால் வருவதே. ரமணரே பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து, ஆசிரமச் சமையலறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினார்.