எறும்புக்கும் ஒரு பங்கு

வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் முற்றம் கிடையாது. தைப்பொங்கலன்று லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் நாலடி டைல்ஸ்தான் எங்கட முற்றம். அதில் கோலம் போடும்போது அம்மம்மாமார் ஊர்க் கதை சொல்லுவினம்: உலக்கையைக் கிடையாக வைத்து, அதை அண்டி அரிசிமாவால் கோடு இழுத்த கதை. பின்னேரத்துக்குள் அந்தக் கோலத்தை எறும்பு தின்று முடித்துவிடும். அதாவது, சாப்பாட்டால் செய்த வடிவமைப்பு.

சில வருசங்களுக்கு முன் நாங்கள் ஒரு கோலப்போட்டிக்குப் போனோம். அனுசரணை செய்தது ஒரு கம்பனி. கையில் தந்தது கடைக் கோலமா, வெறும் கல்மா. கோலத்தின் நடுவில் கம்பனிச் சின்னம் வரவேணும் என்பது விதி. எங்களுக்குப் பரிசு கிடைத்தது. எறும்பு மட்டும் வரேல்ல.

உணவு, விளையாட்டு, போட்டி, கம்பனிக் காசு: இந்தக் கூட்டு புதுசு இல்லை. 1905இல் அமெரிக்காவின் நொக்ஸ் ஜெலற்றின் கம்பனி நடத்திய போட்டியில், மரக்கறியை ஜெலற்றினில் உறைய வைத்து ஒரு பென்சில்வேனியாப் பெண் செய்த சலாட்டுக்கு மூன்றாம் பரிசு. பரிசு ஒரு தையல் மெஷின். அந்தச் செய்முறை பல வருசம் கம்பனிக்கு விளம்பரமாக உழைத்தது. 1949இல் பில்ஸ்பரி மாக் கம்பனி தன் 80ஆவது ஆண்டுக்காக நியூயோர்க்கின் வோல்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் பேக்கிங் போட்டி வைத்தது. முதல் பரிசு 50,000 டொலர். எலினோர் ரூஸ்வெல்ட்டே வந்திருந்தார். விளம்பரம்தான், மறுக்கேல்ல. ஆனால் அந்த மா கடைசியில் பாணாகவும் கேக்காகவும் யாரோ ஒருவரின் வயிற்றுக்குப் போனது.

சென்னையில் வேறு மாதிரி. ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவின் பெயரிலேயே சுந்தரம் ஃபைனான்ஸ் இருக்கிறது. அது லொறி வாங்கக் கடன் கொடுத்து வளர்ந்த நிறுவனம், மா விற்பதில்லை. ஆனாலும் வடக்கு மாட வீதியில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து புள்ளி வைக்கிறார்கள். பெயர் பதாகையில், கோலம் வீதியில்.

ஆக, அனுசரணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மண்டப வாடகையை வேறு யார் தரப்போயினம்? நாங்கள் கேட்பது மூன்றே விசயம். சின்னம் பதாகையோடு நிற்கட்டும். மா, அரிசிமாவாக இருக்கட்டும். முடிந்த உடனே தும்புத்தடியோடு வராமல் ஒரு இரவு விடட்டும்.

"அரிசியை நிலத்தில கொட்டுறதோ?" என்று கேட்கலாம். 2022இல் அரிசி விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்த எங்களுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கோலத்துக்கு ஒரு சுண்டு மாவே மிச்சம். ஒரு பதாகை அடிக்கிற காசில் எத்தனை சுண்டு வரும் என்று கணக்குப் பார்க்கலாம்.

அடுத்த தைக்கு யாராவது காசோடு வந்தால், முதலில் மாவைத் தொட்டுப் பார்ப்போம்.