பன்னிரண்டாவது ஆட்டக்காரன்

விளையாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர் பெயரையும் புள்ளிக் கணக்கையும் குறித்தவுடன் எழுதுகோலை வைத்துவிடுவர். ஆனால், அன்றைய ஆட்டத்தில் ஒருமுறையேனும் பந்தைத் தொடாத ஓர் இளைஞனை நூறாண்டு கடந்தும் போற்றிவரும் கல்லூரியொன்று அமெரிக்காவில் உண்டு. அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நன்றெனக் கருதி ஈண்டுத் தருகின்றோம்.

ரெக்சாஸ் மாநிலத்திலே விவசாயமும் பொறித்தொழிலும் பயிற்றுதற்கென 1876ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அது பெரும் பல்கலைக்கழகம். அங்கு ஆடப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க முறை. ஆயினும், பக்கத்துக்குப் பதினொருவர் என்பது நமக்கும் அவர்க்கும் பொது. தோட்டக்கலைப் பேராசிரியர் கைல் என்பார், தம் பயிர்ச்செய்கைக்கென ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதியை 1904இல் வேலியடைத்து ஆட்டத்துக்கு வழங்கினார். அவர் பெயர் தாங்கும் அம்மைதானத்தில் இன்று ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுகின்றனர்.

1922 ஜனவரி 2ஆம் நாள், டல்லாஸ் நகரிலே இக்கல்லூரி அணி சென்ரர் கல்லூரியை எதிர்த்து ஆடியது. சென்ரர் அணியோ முந்திய ஒக்டோபரில் பெரும்புகழ் வாய்ந்த ஹாவாட் அணியை 6-0 என வீழ்த்தி, அப்பருவத்தில் தோல்வியே காணாது வந்தது. முற்பாதியிலேயே ரெக்சாஸ் ஆட்டக்காரர் பலர் காயமுற்றனர். மாற்றாட்டக்காரர் தீர்ந்துவிடுவரோ எனப் பயிற்றுநர் டானா பைபிள் கவலையுற்றார். அப்பொழுது அவர் நினைவில் வந்தவர் கிங் கில் என்னும் மாணவர்.

கில் முன்பு அணியிலிருந்து, பின் கூடைப்பந்தாட்டத்துக்குச் சென்றவர். அன்று மேலே பத்திரிகையாளர் பகுதியில், ஆட்டக்காரரை நிருபருக்கு இனங்காட்டி உதவிக்கொண்டிருந்தார். அழைப்புக் கிடைத்ததும் இறங்கி வந்தார். காயமுற்ற தோழன் ஒருவனின் சீருடையை வாங்கி அணிந்தார். ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டருகே ஆயத்தமாய் நின்றார். அவரைக் களமிறக்கும் தேவை எழவேயில்லை. அணி 22-14 என வென்றது.

அவர் நின்றதை நினைந்து, அக்கல்லூரி மாணவர் இன்றும் ஆட்டம் முழுவதும் நின்றே பார்க்கின்றனர். தேவையெனில் யாமும் வருவோம் என்பதே அதன் கருத்து. 1980இல் மைதானத்தருகே கில்லுக்குச் சிலை எழுந்தது. 1983இல் சாதாரண மாணவரைக்கொண்டே தொடக்க உதைக்கான குழுவொன்றும் அமைக்கப்பட்டது.

இப்பற்றிற்குத் துயரமான பக்கமும் உண்டு. பரம எதிரியான அணியுடன் மோதுமுன் மரங்களை அடுக்கிப் பெருந்தீ வளர்ப்பது அவர்தம் பழைய வழக்கம். 1999 நவம்பர் 18ஆம் நாள் விடியுமுன், அடுக்கிக்கொண்டிருந்த மரக்குவியல் சரிந்து பன்னிருவர் மாண்டனர், இருபத்தெழுவர் காயமுற்றனர். அதன்பின் பல்கலைக்கழகம் அத்தீவிழாவைத் தன் வளவில் நடத்தவில்லை. எத்துணைப் பழைய வழக்காயினும் ஓர் இளைஞனின் உயிருக்கு ஈடாகாது என்பதைப் பெரியோரும் இளைஞரும் ஒருங்கே மனங்கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! எந்தக் கழகத்திலும் களத்தில் ஆடுவோர் சிலர்; புகழும் அவர்க்கே செல்லும். அழைத்தால் வருவோம் என்று ஓரத்தில் நிற்பவரே அக்கழகத்தின் பலம். கில் அன்று ஆடியிருந்தால் பலருள் ஒருவராய் மறக்கப்பட்டிருப்பார். நின்றமையால் நிலைத்தார். நம்முள்ளும் அத்தகையோர் பெருகுவாராக!