நாள் தள்ளிப் போயிருக்கா? கர்ப்பத்தை எப்போது, எப்படி உறுதி செய்யலாம்?

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவரிடம் வேண்டிக்கொண்டு, சுகப்பிரசவம் ஆனதும் வாழைத்தார் படைப்பது வழக்கம். வேண்டுதலோடு 12 வாரக் கணக்கையும் கர்ப்பிணிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எந்த நாளில் இருந்து எண்ணணும்?

கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளில் இருந்துதான் கர்ப்ப வாரம் எண்ணப்படும். உதாரணமாக, மார்ச் 1-ம் தேதி மாதவிடாய் வந்தவருக்கு 28 நாள் சுழற்சி என்றால், மார்ச் 29-ல் நாள் தள்ளும். அன்றே 4 வாரம் முடிந்துவிடும். மே 24-ல் 12 வாரம் முடியும். அதாவது, கையில் இருப்பது 8 வாரம்தான்.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாமா?

பண்ணலாம். கரு, கருப்பையில் ஒட்டிய பிறகு 'எச்.சி.ஜி' என்ற ஹார்மோன் சுரக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் கார்டு, சிறுநீரில் இதைத்தான் கண்டுபிடிக்கிறது. நாள் தள்ளிய பிறகு, காலையில் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. கார்டு உறையில் சொல்லியிருக்கும் நிமிடங்களுக்குள் முடிவைப் பார்க்க வேண்டும்.

* இரண்டு கோடு: கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.
* ஒரே கோடு, ஆனால் மாதவிடாய் வரவில்லை: சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். சீக்கிரமே பார்த்திருந்தால் கார்டு காட்டாமல் போகலாம்.
* 'சி' பக்கம் கோடே இல்லை: அந்த கார்டு செல்லாது. வேறு கார்டில் பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுக்கு?

'பீட்டா எச்.சி.ஜி' ரத்தப் பரிசோதனை, நாள் தள்ளுவதற்குச் சில நாள் முன்பே கர்ப்பத்தைக் காட்டிவிடும். ஸ்கேனில் 5-வது வாரம் வாக்கில் கருப்பை பையும், 6 முதல் 7-வது வாரத்தில் இதயத்துடிப்பும் தெரியும்.

கரு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கருக்குழாயில் கரு தங்கினாலும் கார்டில் இரண்டு கோடுதான் வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் காத்திருக்கக் கூடாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சீக்கிரம் தெரிஞ்சா என்ன லாபம்?

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதல் வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடும். அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர்கள் சீக்கிரமே தருகிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அரசு உதவிக்கும் இதுதான் முதல் படி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்குப் பணம், ஊட்டச்சத்துப் பெட்டகம் எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. இதற்கு 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது தரப்படும் 'பிக்மி' எண், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் கேட்கப்படும்.

எங்கே போகணும்?

வீட்டுக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் பதிவு செய்யலாம். ஸ்ரீரங்கம் பகுதியினர் அங்குள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். சிக்கலான கர்ப்பங்களுக்கு திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கடைசி மாதவிடாய் தேதி, இந்த மூன்றையும் கையோடு கொண்டு போவது நல்லது.